செட்டு மாத்திரையும் தனக்கோடியின் முட்டியும்

இந்த ஆஸ்பத்திரிப் பயிற்சிக் கூடத்தில் நீங்கள் தினமும் கைவைக்கிற பொருள்களில் பாதி நான் செய்தது. நோயாளிகள் பிடித்துக்கொண்டு நடக்கிற இரண்டு கம்பிகளும் போர்வெல்லுக்கு இறக்கி மிச்சமான குழாய். வெல்டிங் பட்டறையில் பக்கத்தில் நின்று, இடுப்பு உயரத்தைக் கையால் காட்டி ஒட்டவைத்தேன். காலில் கட்டும் மணல் பைகளைச் சாக்குத் தைக்கிற ஊசியால் நான்தான் தைத்தேன். ஏறி இறங்கிப் பழகும் மரப்படி இருக்கிறதே, அதில் முதல் படி மட்டும் ஏன் அவ்வளவு உயரம் என்று உங்களில் ஒருவர் கேட்டீர்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸின் படியை நூல் வைத்து அளந்து செய்தது அது. நம்மிடம் வருகிற பெண்கள் ஏற வேண்டியது அந்தப் படியைத்தான். எந்தப் புத்தகத்திலும் அந்த அளவு இருக்காது.

புதன்கிழமை முட்டி வகுப்பு நான் ஆரம்பித்தது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் மாதம் ஒரு முகாம் நடக்கிறதே, இடம் கேட்டு, ஊர்க்காரர்களிடம் பேசி, பெஞ்சு தூக்கிப் போட்டு அதை நிலைநிறுத்தியவனும் நான். இத்தனைக்கும் எட்டாம் வகுப்பில் தவறியவன். நெல் மண்டியில் மூட்டை தூக்கி, பிறகு எடை போட்டு, தோள்பட்டை பிசகி இந்த ஆஸ்பத்திரிக்கு நோயாளியாக வந்து சேர்ந்தவன். வலி தீர்ந்த பிறகும் போகவில்லை. கூட்டித் துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். ஓய்வு பெறுகிற அன்று இந்தக் கூடத்தின் சாவி என் இடுப்பில் இருந்தது. நாலரை வருஷம் படித்துப் பட்டம் வாங்கி வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்குத் தெரிந்த எலும்புகளின் பெயர்கள் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணின் எடை ஏறிக்கொண்டே போனால் என்ன கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதை நான் கற்றுக்கொண்ட கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அப்போது இங்கே முட்டி வலி பார்த்த டாக்டரம்மாவின் பெயரைப் போட்டால் அவர் கோபித்துக்கொள்வார், அதனால் டாக்டரம்மா என்றே எழுதுகிறேன். முட்டி வலி என்று வந்தவர்களுக்கு ஊசி போட்டு அனுப்புவதும், ஊசி கேட்காவிட்டால் ஆபரேஷன் என்று சொல்வதும் வழக்கமாக இருந்த நாளிலேயே, அவர் நோயாளியை முதலில் எடை பார்க்க அனுப்புவார். எனக்கு அது விளங்கவில்லை. முட்டி வலிக்கும் எடைக்கும் என்ன என்று கேட்டேன்.

"கோவிந்தன், மண்டியில மூட்டையோட படி ஏறினப்போ எங்க வலிச்சது?"

"முட்டியிலதாம்மா."

"இறக்கி வெச்சதும்?"

"கொஞ்ச நேரத்துல போயிடும்."

"இவங்களால இறக்கி வைக்க முடியல. கொஞ்சம் கொஞ்சமா இறக்கி வைக்க நாம ஒத்தாசை பண்றோம். தேய்ஞ்சது தேய்ஞ்சதுதான், அது திரும்ப வளராது. ஆனா கனம் குறைஞ்சு, தொடையில பலம் ஏறினா, அதே முட்டியோட நடக்கலாம்."

நான் கேட்ட பாடங்களிலேயே நீளமானது அதுதான். அவ்வளவு படித்தவர் என்னிடம் என் மூட்டையை வைத்துப் பேசினார். அன்றிலிருந்து அவருக்காக எதுவும் செய்யலாம் என்று இருந்தேன். அந்த எண்ணமே பிறகு ஒரு உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது.

எடை பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். மண்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? மண்டியில் எடை போடுகிறவன் சத்தமாகக் கூவ வேண்டும், கணக்கு எழுதுகிறவர் எட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அதே வழக்கத்தில், வராந்தாவில் மிஷினைப் போட்டு, ஒவ்வொருவராக ஏற்றி, உள்ளே சீட்டு எழுதுகிற பெண்ணுக்குக் கேட்கிற மாதிரி கூவினேன். "எழுபத்தொண்ணு!" "அறுபத்தெட்டரை!" நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிற வராந்தா அது.

ஒருநாள் தனக்கோடி மிஷினில் ஏறினாள். கச்சிராயபாளையம் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர். ஐம்பது வயது இருக்கும். கோமுகி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அந்தப் பக்கத்து வயல்களுக்கு நடவு ஆள் சேர்த்துக்கொண்டு போகிறவள். பதினோரு பெண்கள் அவள் பின்னால் போவார்கள். வரப்பில் முதல் ஆளாக நடப்பது அவள், சேற்றில் முதலில் இறங்குவதும் அவள். இரண்டு முட்டியும் வீங்கி, பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நடந்து வந்தாள்.

"எண்பத்தாறு!" என்று கூவினேன்.

வராந்தாவில் யாரோ சிரித்தார்கள். தனக்கோடி மிஷினிலிருந்து இறங்கவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

"யோவ் கம்பவுண்டரே, நான் இன்னா நெல்லு மூட்டையா, கூவிக்கினு கீற? ஈரப்பதம் எவ்ளோன்னும் சொல்லிடு, வியாபாரி வரட்டும்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து. அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு, டாக்டரைப் பார்க்காமலே போய்விட்டாள்.

டாக்டரம்மா கதவருகில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். சத்தம் போடவில்லை. "அவங்க திரும்ப வர்ற வரைக்கும் வராந்தாவுல யாரையும் எடை பார்க்காதீங்க" என்றார், அவ்வளவுதான். நான் அன்று மாலையே மிஷினை உள்ளறைக்குத் தூக்கிப்போய் ஒரு திரை தொங்கவிட்டேன். எடையைச் சீட்டில் எழுதி மடித்து நோயாளி கையிலேயே கொடுப்பது என்று வைத்தேன். இன்றும் நீங்கள் அப்படித்தான் செய்கிறீர்கள், யார் ஆரம்பித்தது என்று தெரியாமல்.

மறுநாள் பஸ் ஏறி அவள் வயலுக்கே போனேன். வரப்பில் நின்று, "தப்புதாங்க, வாங்க" என்றேன். பதினோரு பெண்களும் குனிந்தபடியே திரும்பிப் பார்த்தார்கள்.

"எம்மா தூரம் வந்துகீற, வா, ஒரு முடி நாத்து நடு. அப்புறம் யோசிக்கிறேன்" என்றாள் தனக்கோடி.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். அந்த ஒரு கட்டு நாற்றை நட்டு நிமிர்வதற்குள் இடுப்பு போய்விட்டது. அவர்கள் சிரித்த சிரிப்பு கோமுகி அணை வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அடுத்த புதன்கிழமை அவள் வந்தாள்.

டாக்டரம்மா அவளை உட்காரவைத்துக் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு என்ன வேணும்?" என்பது. வலி போகணும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இவள் சொன்னது வேறு.

"வரப்புல மொத ஆளா நடக்கணும்மா. நான் பின்னாடி போய்ட்டா ஆளுங்க வேற ஒருத்தி பின்னாடி போய்டுவாங்க. அப்புறம் நான் வூட்ல குந்திக்கினு மருமவ கை சோத்துக்குக் காத்துக்கினு இருக்கணும். அது என்னால ஆவாது."

அவளுடைய சிகிச்சை முழுவதும் அந்த வரப்புக்காகத்தான் என்று டாக்டரம்மா அப்போதே முடிவு செய்துவிட்டார். சீட்டின் மேலே முட்டியின் படத்துக்குப் பக்கத்தில் "முதல் ஆள்" என்று எழுதியதை நான் பார்த்தேன்.

உடற்பயிற்சி என்றதும் தனக்கோடி கையைத் தட்டிச் சிரித்தாள். "நாள் பூரா சேத்துல கீறேன், எனக்கு எக்சசைசா? பட்டணத்துப் பொம்பளைங்களுக்கு சொல்லுங்கம்மா." அவளுக்குப் புரியவைத்தது நான். நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காலை நேராக நீட்டித் தொடையை இறுக்கிப் பத்து எண்ணும் வரைக்கும் பிடிக்கச் சொன்னேன். மண்டி வழக்கப்படி எண்ணினேன். மண்டியில் நெல் அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டோம், லாபம் என்போம். "லாபம், ரெண்டு, மூணு…" ஆறுக்குள் அவள் தொடை ஆட ஆரம்பித்துவிட்டது.

"ஏன்யா ஆடுது?"

"குனிஞ்சு வேல செய்யறது இடுப்போட வேல. தொட சும்மாவே இருந்துகீது. இப்போதான் எழுப்புறோம்."

"லாபத்துக்கு மேல போமாட்டேங்குதே" என்றாள். ஆனால் வீட்டில் தினமும் செய்தாள். அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டிய முதல் விஷயம் இது: சொன்னால் செய்வாள். செய்ய மாட்டேன் என்று வாதாடுவாள், ஒப்புக்கொண்டுவிட்டால் செய்துவிடுவாள்.

சாப்பாட்டு விஷயத்தில் டாக்டரம்மாவின் கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்தேன். சோறு சாப்பிடாதே, சாமை சாப்பிடு என்று பட்டியல் கொடுக்கவில்லை. நேற்று காலையிலிருந்து வாயில் போட்டது என்ன என்று மட்டும் கேட்டார். பழைய சோறு, மதியம் குழம்பு சோறு, ராத்திரி பேரப்பிள்ளைகள் தட்டில் மீதி வைத்தது. அதோடு நடவு வயலில் காலையிலும் மத்தியானத்திலும் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து டீயும் போண்டாவும் வரும். எல்லோருக்கும் இரண்டு, முதல் ஆளுக்கு நாலு. அது மரியாதை.

"அத வாணாம்னா, மொத ஆளு வாணாம்னு அர்த்தம்மா" என்றாள்.

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "வாங்கிக்குங்க. கையில வாங்கினதுதானே மரியாதை? வாங்கி, அன்னிக்குப் புதுசா வந்த ஆளுக்குக் குடுங்க. டீயில சர்க்கரை பாதி."

தனக்கோடிக்கு அது பிடித்துப்போனது. கொடுக்கிற கை பெரிய கையல்லவா? இரண்டு மாதத்தில் மூன்றரை கிலோ குறைந்தாள். வகுப்புக்கு வருகிற மற்ற பெண்களிடம் நான் அவளைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். என் வகுப்பு, என் நோயாளி என்று எனக்குத் தலை கனத்திருந்தது, மறைக்க மாட்டேன்.

பிறகு அடுத்த நடவு சீசன் வந்தது. எடை குறைவது நின்றது. அப்புறம் ஏறியது. ஒரு கிலோ, அடுத்த வாரம் இன்னும் ஒன்று. முகம் உப்பி வந்தது, கன்னம் பளபளத்தது. முட்டி வலி மட்டும் குறைந்துவிட்டது என்றாள். நான் மாற்றி மாற்றிக் கேட்டேன். போண்டா தொடவில்லை, மீதிச் சோறு மாட்டுக்குத்தான் போகிறது என்று சத்தியம் செய்தாள்.

நான் நம்பவில்லை. வகுப்பில் பத்துப் பேர் முன்னால், "மிஷின் பொய் சொல்லாதும்மா, மனுஷங்கதான் சொல்வாங்க" என்றேன். அவள் எதற்கும் பதில் கொடுக்கிறவள். அன்று கொடுக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தாள். அந்த மௌனத்தில் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நோயாளி சொல்வதும் மிஷின் சொல்வதும் பொருந்தவில்லை என்றால் நடுவில் தெரியாத மூன்றாவது விஷயம் ஒன்று இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது அப்போது தோன்றவில்லை.

கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, அந்த வியாழக்கிழமை விடிகாலையில் அவள் வயலுக்குப் போனேன். வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தனக்கோடி மஞ்சள் பையிலிருந்து சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்களை எடுத்து ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்துக்கொண்டு போனாள். கடைசிப் பொட்டலத்தைத் தானே பிரித்து வாயில் கொட்டிக்கொண்டாள்.

"இன்னாது அது?"

"செட்டு மாத்தரய்யா. கடையில குடுப்பாங்க. ஒரு செட்டு போட்டா சாயங்காலம் வரைக்கும் வலி தெரியாது."

பொட்டலத்தை வாங்கிப் பார்த்தேன். நாலு மாத்திரை, எதற்கும் பெயர் கிடையாது, அட்டை கிடையாது. அவற்றில் ஒரு சின்ன வெள்ளை. வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கிற ஸ்டெராய்டு அது. டாக்டரம்மா மேஜையில் பறிமுதல் பண்ணி வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். எடை ஏறினதற்கும் முகம் உப்பினதற்கும் காரணம் என் கையில் இருந்தது. அவள் பொய் சொல்லவே இல்லை.

"எத்தினி நாளா?"

"வருசக் கணக்காச்சி. சீசன்னா தெனமும் ரெண்டு வேள."

இங்கே நிறுத்தி நான் டாக்டரம்மாவுக்குப் போன் செய்திருக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. கண்டுபிடித்த சந்தோஷத்தில் மஞ்சள் பையைப் பிடுங்கி, இருந்த பொட்டலங்கள் அத்தனையையும் வாய்க்காலில் கொட்டினேன்.

"இனிமே இதுல ஒண்ணு தொட்டா என் வகுப்புக்கு வராத. முட்டி வேணுமா, இது வேணுமான்னு பார்த்துக்கோ."

தண்ணீரில் போகிற காகிதங்களைத் தனக்கோடி கொஞ்ச நேரம் பார்த்தாள். மற்ற பெண்கள் முணுமுணுத்தார்கள். அஞ்சலை என்று ஒருத்தி, தனக்கோடிக்கு அடுத்த ஆள், "இன்னிக்கு எப்படிக்கா வேல ஆவும்?" என்றாள்.

"வுடு. அந்தாளு நம்ம நல்லதுக்குத்தான் சொல்றான்" என்றாள் தனக்கோடி. என்னிடம் திரும்பி, "தொட மாட்டேன், போ" என்றாள்.

டாக்டரம்மாவிடம் நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் எடை இறங்கினதும் சீட்டை நீட்டி, காரணம் இதுதாம்மா, கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வெள்ளிமலையில் முகாம். பள்ளிக்கூட வராந்தாவில் டாக்டரம்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. அந்த மலையில் போன் எடுக்காது. பள்ளிக்கூட மைதானத்தின் கோடியில் ஒரு பலாமரம், அதனடியில் நின்றால் மட்டும் கொஞ்சம் சிக்னல் வரும், ஓரடி நகர்ந்தால் போய்விடும். டிரைவருக்கு ஒரு செய்தி சொல்ல அங்கே போய் நின்றேன். நின்றதும் என் போன் அடித்தது. அஞ்சலை.

"கம்பவுண்டரே, தனக்கோடி அக்கா வுயுந்துடுச்சிங்க. நாத்து எடுத்துக் குடுத்துக்கினே இருந்துச்சி, அப்படியே சேத்துல சாஞ்சிடுச்சி."

"பேச்சு இருக்குதா?"

"ஒளறுது. நேத்துலேர்ந்தே ஒடம்பு முடியலன்னு சொல்லிக்கினு இருந்துச்சி. ரெண்டு வாட்டி வாந்தி. ஒடம்பு சில்லுனு கீது. வெயிலு தாக்கிடுச்சின்றாங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சிக் குடுத்து வூட்ல கொண்டுபோய்ப் படுக்க வெக்கலாமா?"

அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் நம்புங்கள். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு கையை விரித்துவிடும் என்று நான் எங்கே படித்தேன்? ஆனால் மூன்று நாளில் அவள் வாழ்க்கையில் மாறினது ஒன்றே ஒன்றுதான், அதை மாற்றியவன் நான். சரி, படுக்க வையுங்கள், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வெயில் என்றுதான் ஊர் நம்பும். நான் கொட்டினதை அந்த வாய்க்காலும் பெண்களும்தான் பார்த்தார்கள்.

டாக்டரம்மா மைதானத்தின் மறுகோடியில். நான் நகர்ந்தால் லைன் போய்விடும். அப்புறம் அஞ்சலை அவளை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

மண்டிக் குரலில் கூவினேன். கூட்டம் முழுவதும் திரும்பியது.

"அம்மா! தனக்கோடி விழுந்துட்டாங்க! வருஷக் கணக்கா செட்டு மாத்திரை சாப்பிட்டுக்கினு இருந்தாங்க! மூணு நாள் முன்னாடி நான் புடுங்கித் தூக்கிப் போட்டுட்டேன்!"

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. போனை வாங்கினார். குரல் மட்டும் ஓடவில்லை, நிதானமாக இருந்தது.

"அஞ்சலை, வீட்டுக்கு வேண்டாம்மா. நேரா கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி. நூத்தியெட்டுக்கு ஒருத்தங்க போன் போடட்டும், ஆனா பக்கத்துல ஓடுற வண்டி எது இருக்கோ அதுல உடனே ஏத்துங்க. படுக்க வெச்சே கொண்டு போங்க, கால் கொஞ்சம் உயரமா இருக்கட்டும். வாயில எதுவும் ஊத்தாதீங்க."

"நாத்து ஏத்திக்கினு வந்த மினி லாரி கீதும்மா."

"அது போதும். கிளம்புங்க."

அடுத்ததாக, பலாமரத்தடியில் நின்றபடியே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் பேசினார். நோயாளியின் பெயர், வயது, பிறகு ஒரே வாக்கியம்: வருஷக் கணக்காக ஸ்டெராய்டு, மூன்று நாளாகத் திடீர் நிறுத்தம். என்ன ஊசி என்று சொன்னார், எனக்கு அந்தப் பெயர் பிடிபடவில்லை. போனை என்னிடம் கொடுத்துவிட்டு வரிசையில் இருந்தவர்களிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். வண்டி கிளம்பியது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது தனக்கோடிக்கு ஊசி போட்டு, சலைன் ஏறிக்கொண்டிருந்தது. சேறு காய்ந்த கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், "நீங்க போன் பண்ணலைன்னா வெயில் மயக்கம்னுதான் பார்த்திருப்போம் மேடம், நேரம் போயிருக்கும்" என்றார். டாக்டரம்மா என்னைக் கைகாட்டி, "இவர் சொன்னார்" என்று மட்டும் சொன்னார்.

ராத்திரிக்குள் தெளிவு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்ததும் தனக்கோடி சொன்ன முதல் வார்த்தை:

"நீ சொன்னாப்புல ஒண்ணு கூட தொடலய்யா."

அப்போது நான் வெளியே போய் நின்றேன். எதற்கு என்று எழுத வேண்டாம்.

மறுநாள் டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். அடி விழும் என்றுதான் போனேன்.

"நீங்க பண்ணது பெரிய தப்பு. அவ்வளவு பேர் முன்னாடி கூவிச் சொன்னது ரொம்ப சரி. ஒண்ணை வெச்சு இன்னொண்ணை அழிச்சுக்காதீங்க. ரெண்டும் இருக்கட்டும்."

"வேலைய விட்டுப் போயிடட்டுங்களாம்மா?"

"போயிட்டா அந்தப் பதினோரு பேரை யார் பார்ப்பாங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வாய்க்காலில் கொட்டினது தனக்கோடியின் மாத்திரையை மட்டுமல்ல. மற்றவர்களுக்கு அன்றன்றைக்கு ஒரு செட்டுதான், அதுவும் சில மாதமாகத்தான், அதனால் பிழைத்தார்கள். அதுவும் என் திறமை இல்லை. அன்று மத்தியானமே டாக்டரம்மா வண்டி வைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போய் ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்துப் பார்த்தார். யாருக்கு நிறுத்தலாம், யாருக்கு மெதுவாகக் குறைக்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதிக்கொடுத்தார்.

தனக்கோடிக்குக் குறைக்கவே பல மாதம் ஆனது. முறையான மாத்திரை, முறையான அளவு, டாக்டரம்மா சொன்ன நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. செட்டு போனதும் வலி திரும்ப வந்தது. பழைய வலி, மருந்து மூடி வைத்திருந்த முழு வலி. அந்த மாதங்களில் அவளை நான் கவனித்த மாதிரி யாரையும் கவனித்ததில்லை, அவள் தாங்கின மாதிரி தாங்கினவர்களையும் பார்த்ததில்லை. தொடைப் பயிற்சியை லாபத்திலிருந்து இருபதுக்குக் கொண்டுபோனாள். உட்கார்ந்து களை எடுப்பதை விட்டாள். அந்த சீசன் முழுவதும் முதல் ஆளாக அஞ்சலையை அனுப்பிவிட்டு, இவள் வரப்பில் நின்று நாற்று எடுத்துக் கொடுத்தாள். முதல் ஆளுக்கான நாலு போண்டாவும் அஞ்சலை கைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அது அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று முட்டியைப் பற்றி மட்டும் கேட்கிறவர்களுக்குத் தெரியாது.

"இருக்குதா இல்ல போச்சா?" என்று ஒரு புதன்கிழமை என்னிடம் கேட்டாள். இடம் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

"அஞ்சலைகிட்ட கேளு" என்றேன்.

"கேட்டேன். நீ வந்தா நான் ரெண்டாவதுன்னுட்டா. வரணும்ல?"

அடுத்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அவள் எடை எழுபத்து நாலு. வரப்பில் முதல் ஆளாக நடந்தாள். சாய்வு கொஞ்சம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. டாக்டரம்மா என்னையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனார். தூரத்தில் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்தார். "போலாம்" என்றார். அவ்வளவு பெரிய வெற்றியை அவ்வளவு சின்னதாக வைத்துக்கொள்கிற மனசு எனக்கு வராது.

இந்தக் கூடத்துச் சுவரில் இருக்கிற வாசகத்தை அந்த வாரம்தான் நான் எழுதினேன். சார்ட் அட்டையில், மார்க்கர் பேனாவால், எழுத்துப் பிழையோடு: "எடை ஏறினால் செட்டு மாத்திரை உண்டா என்று கேள். உண்டு என்றால் நீயாக நிறுத்தாதே. டாக்டரிடம் ஓடு." டாக்டரம்மா பிழையைத் திருத்திவிட்டு, மற்றபடி ஒரு எழுத்தும் மாற்றாமல் ஒட்டச் சொன்னார். இப்போது நீங்கள் அதைக் கலர் பிளெக்ஸாகப் போட்டிருக்கிறீர்கள், ஆஸ்பத்திரி முத்திரையோடு. கண்ணாடிச் சட்டமும் போட்டிருக்கிறீர்கள், நன்றாக இருக்கிறது. கீழே யார் பெயரும் இல்லை.

போன வாரம் தனக்கோடி புதிய ஆள் ஒருத்தியை வகுப்புக்குக் கூட்டிவந்தாள். நானும் சும்மா ஒரு எட்டு வந்திருந்தேன். தனக்கோடிக்குப் படிக்கத் தெரியாது. சட்டத்தைக் காட்டி, "இன்னா எழுதிகீறாங்க?" என்றாள். படித்துக் காட்டினேன்.

"இது நம்ம கதையாச்சே. யாரு பேரு போட்டுகீது?"

"யாரு பேரும் இல்ல."

"ஏன்? நீ தூக்கிப் போட்ட, நான் வுயுந்தேன். அப்புறம்தான இது வந்திச்சி? ரெண்டு பேரு பேரையும் போடச் சொல்லுய்யா. நீ சொல்ல மாட்டியா, நான் சொல்லட்டா?"

நானே சொல்கிறேன். அந்த வாசகம் முத்திரையிலிருந்து வந்ததில்லை, எந்தப் படிப்பிலிருந்தும் வந்ததில்லை. ஒரு பெண் சேற்றில் விழுந்து கிட்டத்தட்ட உயிரைக் கொடுத்து அதை வாங்கினாள். அவளை விழவைத்தவனும், மைதானம் அதிரக் கூவினவனும் நான்தான். டாக்டரம்மா பெயர் வேண்டாம் என்பார், அவரை விடுங்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. கீழே இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன். தனக்கோடி, கோவிந்தன். அவள் பெயர் முதலில்.